நர்ஸிங் தியரியை நோட்டிலிருந்து வார்டுக்குக் கொண்டுபோவது எப்படி

நர்ஸிங் படிப்புக்குள் நுழைந்த சில மாதங்களிலேயே நைட்டிங்கேல், ஹெண்டர்சன், ஓரம், பெப்லாவ், ராய் என்று தியரி எழுதியவர்களின் பெயர்கள் வரிசைகட்டி வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருஷம், ஒரு படம், நாலைந்து கலைச்சொற்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு எழுதிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்துபோவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்புறம் கிளினிக்கல் போஸ்டிங்கில், நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் கேர் பிளானைப் பார்த்து "எந்த தியரி போட்டிருக்கிறாய்?" என்று மேடம் கேட்கும்போது, சீனியர் அக்கா கொடுத்த நோட்டில் என்ன இருந்ததோ அதையே சொல்லிவிடுகிறார்கள். அந்த தியரி அந்த நோயாளிக்குப் பொருந்துகிறதா என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்த தியரிகள் எல்லாமே நோயாளி பக்கத்தில் நின்றவர்கள் யோசித்து எழுதியவை.

நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு தியரியையும் ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பதில் கண்டுபிடிக்கிற மாதிரியான கேள்வியாக. அந்தக் கேள்வி மனசில் நின்றுவிட்டால் கலைச்சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். முதலில் நாலு விஷயத்தை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: மனிதர், ஆரோக்கியம், சூழல், நர்ஸிங். மெட்டாபாரடைம் என்று நர்ஸிங் அறிஞர் ஜாக்குலின் ஃபாசெட் வகுத்துச் சொன்னது இந்த நாலைத்தான். எந்த தியரியைத் திறந்தாலும் இந்த நாலைப் பற்றி அது என்ன சொல்கிறது, எதை அழுத்திச் சொல்கிறது என்று தேடினால் பாதி வேலை முடிந்தது.

ஒரே நோயாளி, நாலைந்து கேள்விகள்

ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். 56 வயது, கட்டட வேலைக்குப் போகிறவர், பல வருஷமாகச் சுகர். வலது உள்ளங்காலில் ஆணி குத்தியிருக்கிறது, பாதத்தில் உணர்வு குறைந்திருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை, செருப்பில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு மனைவிதான் சொல்லியிருக்கிறார். புண் பெரிதாகி இப்போது அரசு மருத்துவமனை சர்ஜரி வார்டில் இருக்கிறார். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டார்கள், தினமும் டிரஸ்ஸிங், இன்சுலின், ஆன்டிபயாடிக். நம் ஊரில் எந்த சர்ஜரி வார்டுக்குப் போனாலும் இப்படி ஒருவரையாவது பார்க்கலாம், அதனால்தான் இவரை எடுத்தேன்.

நைட்டிங்கேலின் கேள்வி: இவரைச் சுற்றி இருப்பது இவர் குணமாக உதவுகிறதா, தடுக்கிறதா? 1854-ல் கிரிமியப் போருக்காக ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனவர், அங்கே காயத்தைவிடத் தொற்றுநோயில் செத்தவர்களே அதிகம் என்று பார்த்தார். 1855-ல் சானிட்டரி கமிஷன் வந்து சாக்கடையைச் சரிசெய்து காற்றோட்டத்தை ஏற்படுத்திய பிறகு சாவு குறைந்தது. அந்தக் கணக்கையெல்லாம் பின்னால் அவரே படம் போட்டுக் காட்டினார். நல்ல காற்று, நல்ல தண்ணீர், சரியான வடிகால், சுத்தம், வெளிச்சம் என்ற ஐந்தும் அப்படி வந்தவைதான். நம் நோயாளியின் கட்டில் பாத்ரூம் வாசலை ஒட்டி இருக்கிறதா, நடக்கிற வழி ஈரமா, டிரஸ்ஸிங் நனைகிறதா, கட்டிலுக்குக் கீழே சாப்பாட்டுத் தூக்கும் யூரினலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சத்தத்தைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். முக்கியமாக, நோயாளிக்குக் கேட்டும் கேட்காத மாதிரி பக்கத்தில் நின்று கிசுகிசுப்பது அவரை எவ்வளவு வாட்டும் என்பதை. ரவுண்ட்ஸில் இவர் காலைப் பார்த்து "ஆம்புடேஷன்" என்று தணிந்த குரலில் பேசிவிட்டு நகர்ந்தால், அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவே மாட்டார்.

ஹெண்டர்சனின் கேள்வி: உடம்பில் பலமும் மனசில் தெம்பும் விஷயம் தெரிந்தும் இருந்திருந்தால் இவரே செய்துகொண்டிருக்கக்கூடிய எதை இப்போது செய்ய முடியவில்லை? அவர் சொன்ன 14 தேவைகளை எல்லோரும் மூச்சு, சாப்பாடு, கழிவு, அசைவு, தூக்கம் வரைக்கும் நன்றாக நிரப்புவார்கள். கடைசியில் வரும் வழிபாடு, வேலை, பொழுதுபோக்கு, கற்றல் என்ற நாலில்தான் 'பிரச்சினை இல்லை' என்று கோடு போட்டுவிடுவார்கள். ஆனால் இவருக்குப் பெரிய கவலையே வேலைதான். தினக்கூலி, படுத்தால் வருமானம் இல்லை. செவ்வாய், வெள்ளி கோயிலுக்கு வெறுங்காலில் போகிறவராகவும் இருந்துவிட்டால், மதிய வெயிலில் சுடுகிற கல்தரையில் நடந்தது இவர் காலுக்குத் தெரியாமல் போகும் என்பதையும் நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாலு வரியையும் வெறுமனே விட்டுவிடாதீர்கள்.

ஓரமின் கேள்வி: இவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதில் எவ்வளவு குறைகிறது, அதில் எவ்வளவு நான் நிரப்ப வேண்டும்? 1971-ல் வெளிவந்த அவர் புத்தகம் மூன்று ஏற்பாடுகளைச் சொல்கிறது. முழுக்க நாம் செய்வது, பாதி நாம் பாதி அவர், கடைசியாக அவரே செய்ய நாம் சொல்லிக்கொடுத்து ஆதரவாக நிற்பது. இது நோயாளிக்கு ஒரு லேபிள் ஒட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள், ஒரே ஆள் மூன்றிலும் மாறிமாறிப் போவார். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஸ்பைனல் மயக்கத்தோடு வந்த முதல் சில மணி நேரம் திருப்பிப் படுக்கவைப்பதுகூட நம் வேலை. மறுநாள் முகம் கழுவிச் சாப்பிடுவதை அவரே செய்வார், டிரஸ்ஸிங்கும் இன்சுலினும் நம்முடையவை. டிஸ்சார்ஜ் நெருங்கும்போது தினமும் ராத்திரி சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது, விரல் இடுக்குகளை ஈரம் இல்லாமல் துடைப்பது, எம்.சி.ஆர். செருப்பு (மென்மையான ரப்பர் செருப்பு) போடுவது, போடும் முன் உள்ளே கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்ப்பது எல்லாவற்றையும் அவரே செய்து காட்ட வேண்டும். சொல்லிக்கொடுத்துவிட்டு "புரிஞ்சுதா ஐயா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "ஒரு தடவை செஞ்சு காட்டுங்க ஐயா" என்று கேளுங்கள், அப்போதுதான் எது போய்ச் சேரவில்லை என்று தெரியும்.

பெப்லாவ் எனக்கு மிகவும் பிடித்தவர். அவருடைய புத்தகம் 1948-லேயே தயாராகிவிட்டது, டாக்டர் ஒருவர் பெயர் சேராமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் 1952-ல்தான் அச்சேறியது. அவர் கேள்வி: இவருக்கும் எனக்கும் நடுவில் இப்போது என்ன உறவு இருக்கிறது? முதல் நாள் நீங்கள் அவருக்கு அந்நியர், அவ்வளவுதான். ஓரியண்டேஷன், ஐடெண்டிஃபிகேஷன், எக்ஸ்ப்ளாய்டேஷன், ரெசல்யூஷன் என்று நாலு கட்டங்களைப் பாடத்தில் படிப்பீர்கள். வார்டில் அது இப்படி இருக்கும்: பெயரைச் சொல்லி, எந்தக் கல்லூரி, எத்தனை நாள் இங்கே இருப்பேன் என்று சொல்லி அறிமுகம் ஆகிறீர்கள். இரண்டாம் நாள் அவர் மற்றவர்களை விட்டுவிட்டு உங்களைக் கூப்பிட்டு "பாப்பா, காலை எடுத்துருவாங்களா?" என்று கேட்கிறார். அடுத்து உங்களால் கிடைக்கிற உதவிகளையெல்லாம் அவர் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார். கடைசியாக உங்கள் போஸ்டிங் முடிகிறது, அதை முன்கூட்டியே சொல்லி, அடுத்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்லி விடைபெறுகிறீர்கள். இந்தக் கடைசிப் பகுதியை மாணவர்கள் பலரும் செய்வதே இல்லை, சனிக்கிழமை இருந்த பிள்ளை திங்கட்கிழமை காணாமல் போய்விடும். "காலை எடுத்துருவாங்களா" என்ற கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஐயா" என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாத விஷயம். "அதைப் பத்தித்தான் பயந்துகிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டு உட்காருங்கள், பிறகு டாக்டரிடம் அவரே கேட்க வழிசெய்து கொடுங்கள்.

ராயின் அடாப்டேஷன் மாடலைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: வந்திருக்கும் மாற்றத்துக்கு இவர் எப்படி ஈடுகொடுக்கிறார்? உடம்பு, தன்னைப் பற்றிய எண்ணம், குடும்பத்தில் தன் பங்கு, மற்றவர்களோடு சார்ந்திருப்பது என்று நாலு பக்கமும் பார்க்கச் சொல்கிறார். விரல் எடுத்தவர்கள், மார்பகம் எடுத்தவர்கள், வயிற்றில் ஸ்டோமா (கழிவு வெளியேறும் துவாரம்) வைத்தவர்கள் விஷயத்தில் இது நன்றாகக் கைகொடுக்கும்.

லெய்னிங்கருக்கு மட்டும் நோயாளியை மாற்றிக்கொள்வோம், ஏனென்றால் அவரைப் புரிந்துகொள்ள நம் பிரசவ வார்டை விட நல்ல இடம் இல்லை. நர்ஸாகவும் மானிடவியலாளராகவும் இருந்தவர், பப்புவா நியூ கினியில் கட்சுப் மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். அவர் கேள்வி: இவர்கள் வழக்கத்தில் எதை அப்படியே விடலாம், எதைப் பேசிச் சற்று மாற்றிக்கொள்ளலாம், எதை விடவைக்க வேண்டும்? பூண்டும் பத்தியக் குழம்பும் தாராளமாக இருக்கட்டும். குழந்தைக்கு மைப்பொட்டு வைப்பதும் இருக்கட்டும், கண்ணுக்குள் மை தீட்டாமல் இருந்தால் போதும். பிரசவித்தவளுக்குத் தண்ணீரே தரக்கூடாது என்று பாட்டி சொன்னால் சண்டை வேண்டாம், சீரகத் தண்ணீரை வெதுவெதுப்பாகத் தரலாமே பாட்டி என்று பேசிப் பார்க்கலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் மட்டும் வேண்டவே வேண்டாம், அதை ஏன் என்று விளக்கி நிறுத்தியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி "அதெல்லாம் கூடாது" என்றால், நிஜமாகவே ஆபத்தானதைச் சொல்லும்போது உங்கள் பேச்சு எடுபடாது.

கேர் பிளான்: எங்கே கோட்டை விடுகிறார்கள்

அசெஸ்மெண்ட், டயக்னோசிஸ், பிளானிங், இம்ப்ளிமெண்டேஷன், எவாலுவேஷன் என்ற ஐந்தும் எல்லோருக்கும் தெரியும். கோளாறு முதல் படியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கேஸ் ஷீட்டைப் பார்த்துக் காப்பி அடித்துவிட்டு நோயாளியைத் தொடாமலே வந்துவிட்டால் மீதி நாலும் வீண். மூச்சு எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள், சார்ட்டில் வரிசையாக 20, 20, 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நாடி பார்த்து முடித்ததும் மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், எண்ணப்போகிறேன் என்று சொல்லாமல், மார்பு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். சொல்லிவிட்டால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். உடம்பு மோசமாகப் போவதை முதலில் காட்டிக்கொடுக்கிறவற்றில் அந்த எண்ணும் ஒன்று.

நர்ஸிங் டயக்னோசிஸில் மூன்று பகுதி: என்ன பிரச்சினை, எதனால், எதை வைத்துச் சொல்கிறோம். நம் நோயாளிக்கு 'தோல் மற்றும் திசுச் சிதைவு, பாதத்தில் உணர்வு குறைந்ததாலும் அழுத்தத்தாலும், வலது உள்ளங்காலில் 4 × 3 செ.மீ. புண், மஞ்சள் நிறச் சிதைவுத் திசு, கசிவு இருப்பதிலிருந்து' என்று எழுதலாம். 'டயாபடீஸால்' என்று மட்டும் எழுதி நிறுத்தினால் அது டாக்டரின் டயக்னோசிஸ், நீங்கள் கையில் எடுத்துச் செய்யக்கூடிய எதுவும் அதில் இல்லை. 'எதனால்' என்ற இடத்தில் உங்கள் கைக்கு எட்டுகிற காரணம் வர வேண்டும், அப்போதுதான் அதற்குக் கீழே எழுதும் வேலைகளுக்கு அர்த்தம் இருக்கும். ஆபத்து இருக்கிறது என்று மட்டும் சொல்லும் டயக்னோசிஸில் அறிகுறிகள் இருக்காது, ஆபத்துக் காரணிகள் மட்டும்தான். இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இலக்கு எழுதும்போது 'நோயாளியின் அறிவு மேம்படும்' என்று எழுதாதீர்கள், அதை யார் எப்படி அளப்பது? 'மூன்றாம் நாள் முடிவில் கண்ணாடி வைத்து இரண்டு பாதங்களையும் தானே பரிசோதித்துக் காட்டுவார்' என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும், காட்டினாரா இல்லையா என்று. எவாலுவேஷனில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று எப்போதும் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. இடது பாதத்தைப் பார்க்க மறந்துவிட்டார், நாளைக்கு மனைவியையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்று நேர்மையாக எழுதியிருந்தால், அந்த கேர் பிளான் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு மதிப்பெண் குறைத்தால் அது திருத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

மருந்து, சார்ட், ரகசியம்

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட இன்சுலின் சிரிஞ்சில் தடுமாறுகிறார்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் இருப்பதும் உண்டு, 100 யூனிட் இருப்பதும் உண்டு. 40-க்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு உரியது ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. குப்பியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஊசியைக் குத்தவே கூடாது, எத்தனை அவசரமாக இருந்தாலும் சரி. பெட் நம்பரை வைத்து மருந்து கொடுப்பதையும் விட்டுவிடுங்கள், நம் வார்டுகளில் கட்டில் மாற்றுவது சாதாரணமாக நடக்கும். "நீங்கதானே முருகேசன்?" என்று கேட்டால் காது கேட்காதவரும் ஆமாம் என்பார், "உங்க பேர் சொல்லுங்க ஐயா" என்று கேளுங்கள்.

சார்ட்டில் செய்ததை மட்டும், செய்த பிறகு, நேரத்தோடு எழுதுங்கள். நைட் டியூட்டி முடியும் அவசரத்தில் 'நன்றாகத் தூங்கினார்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பது பொய் ஆவணம். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்திட்டு, சரியானதை எழுதுங்கள். வைட்னர் தொடவே கூடாது, நாளைக்கு அது கோர்ட்டுக்குப் போகலாம்.

ரகசியம் என்று வரும்போது எச்.ஐ.வி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் நோயாளியின் நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. கட்டில் தலைமாட்டில் குறியீடு போடுவது, அட்டெண்டர் காதுபட ஹேண்ட்ஓவர் கொடுப்பது இரண்டும் தப்பு. உங்களுக்குப் பாதுகாப்பு தருவது கையுறையும் கை கழுவுதலும், அதை எல்லா நோயாளிகளுக்கும் ஒரே மாதிரி கடைப்பிடித்தால் யாரையும் தனியாக அடையாளப்படுத்த வேண்டியதே இல்லை. புண்ணை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதும் இதே கணக்கில்தான் வரும், முகம் தெரியாவிட்டாலும்.

டாக்டரைக் கூப்பிடும்போது

விஷயத்தை நாலு பகுதியாகச் சொல்லும் எஸ்.பி.ஏ.ஆர். (SBAR) முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், அது கூச்சத்தைப் போக்கும். விடியற்காலை 5.30, நம் நோயாளிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, சுகர் 54. மாணவராக இருந்தால் முதலில் டியூட்டி சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிஷத்தில் திரும்பச் சுகர் பார்ப்பதுதான் முதல் வேலை. அடுத்த ஃபோன் இப்படி: "சார், சர்ஜரி வார்டு 14-ம் பெட் நோயாளிக்கு அஞ்சரைக்குச் சுகர் 54, வியர்வை, நடுக்கம், நினைவோட இருக்கார். சுகரால கால்ல புண் இருக்கு, நேத்து ராத்திரி இன்சுலின் போட்டிருக்கு, ஆனா சாப்பாடு பாதிதான் சாப்பிட்டிருக்கார். சுகர் குறைஞ்சு வர்ற ஹைப்போதான்னு நினைக்கிறோம், குளுக்கோஸ் கொடுத்தாச்சு, திரும்பப் பார்த்ததுல 82. வந்து பார்க்க முடியுமா, காலை இன்சுலினை என்ன செய்யணும்?" நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நாம் கேட்பது. கணிப்பைச் சொல்லத் தயங்கிப் பலர் "சார், பேஷண்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள், சொல்லுங்கள்.

படிப்பு முடியும் தருவாயில்

தமிழ்நாட்டில் பதிவு செய்வது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில். 1926-ம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின் வழியாக வந்த அமைப்பு அது. நாடு முழுவதுக்குமான பாடத்திட்டத்தை 1947-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்துவந்தது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நர்ஸிங் மற்றும் மகப்பேறு செவிலியர் ஆணையத்துக்கான சட்டம் 2023-ல் நிறைவேறியது. பதிவு இல்லாமல் வேலையில் சேரச் சொல்லும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் 10-ம் வகுப்புச் சான்றிதழ், கல்லூரிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் உங்கள் பெயரும் இனிஷியலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக நினைக்கிறவர்களைப் பின்னால் மாதக்கணக்கில் அலையவைப்பது பெரும்பாலும் அந்த ஒரு இனிஷியல்தான், அதை முதல் வருஷத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் சொல்லித் திருத்தி வாங்கிவிடலாம்.